தாத்தாவின் ஈஸிசேரும் கும்பகோணம் படுதா மாஸ்டரும்

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி, தையல் எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். நாலு நாளில் தருகிறேன் என்றவர் 11 நாள் ஆக்கினார். போன் அடித்தால் பாதி நேரம் எடுக்க மாட்டார். இத்தனையும் பட்ட பிறகுதான் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் பழைய மரச் சாய்வு நாற்காலி துணி கிழிந்து பரணில் கிடந்தால் இவரிடம் கொண்டுபோங்கள்.

கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலிருந்து பிரிகிற சந்துக்குள் போய், படுதா தைக்கிற மாஸ்டர் என்று கேட்டால் கை காட்டுவார்கள். வாசலை அடைத்துக்கொண்டு பச்சை, நீலப் படுதாச் சுருள்கள். உள்ளே கனத்த தையல் மெஷின் இரண்டு, சுவரில் கயிற்றுக் கட்டுகள், தரையெல்லாம் நூல் பிசிறு. வந்தவர்கள் உட்கார இடம் கிடையாது. நெல் மூடுகிற படுதா, லாரிப் படுதா, டிராக்டர் டிரெய்லருக்கு மூடி, இவைதான் அவருக்குப் பிழைப்பு. ஈஸிசேர் துணி மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம் என்றார்.

நான் கொண்டுபோனது தாத்தாவின் ஈஸிசேர்.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரை. தாத்தா பிறந்தது 1932-ல். 1949-ல், 17 வயதில் கடற்படையில் சேர்ந்தார். விசாகப்பட்டினத்தில் பயிற்சி. 1974-ல் பெட்டி ஆபீசர் என்கிற மாலுமிப் பதவியில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். போன வருஷம் புரட்டாசியில், 92 வயதில், ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. "இருபத்தஞ்சு வருஷம் தண்ணியில, மிச்சமெல்லாம் இந்த நாற்காலியில" என்று அப்பாயி இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நாற்காலி தேக்கு. உள்ளூர் ஆசாரி செய்தது. துணி மட்டும் தாத்தா தன் கையால் தைத்தது. கப்பலில் அவருக்கு டெக்கில் வேலை. கயிறும் கேன்வாஸும்தான் அவருடைய உலகம். படகுக்கு மூடி, பீரங்கிக்கு உறை, வெயிலுக்கு மேற்கட்டு எல்லாமே கேன்வாஸ். சேர்ந்த புதிதில் படுக்கையும் அதுதான். ஐ.என்.எஸ். டெல்லியில் கொக்கிக்குக் கொக்கி கட்டித் தொங்குகிற கேன்வாஸில்தான் தூங்கினாராம். "பதினெட்டு வயசுல மறுபடியும் தூளியில போட்டுட்டாங்க" என்பார். அந்த டெல்லியைப் பற்றி அவர் பேசும்போது வீட்டில் வளர்த்த பசுவைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். 1948-ல் நம் நாட்டுக்கு வருவதற்கு முன் அதற்குப் பெயர் அக்கிலீஸ். 1939-ல் தென் அமெரிக்கக் கரைக்கு அப்பால் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே கப்பலோடு மோதிய மூன்று கப்பல்களில் ஒன்று. "நான் போறதுக்கு முன்னாடியே அது சண்டை பார்த்த கப்பல்" என்று பெருமையாகச் சொல்வார்.

ஓய்வு பெற்று வரும்போது ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார். அதில் 1971 போருக்குக் கிடைத்த பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல், கூடவே கேன்வாஸ் தைக்கிற சாமான்கள். முனையில் முப்பட்டையாக இருக்கும் தடித்த ஊசிகள். ஒரு கட்டித் தேன்மெழுகு. உள்ளங்கையில் மாட்டிக்கொள்கிற தோல்பட்டை ஒன்று. நடுவில் குழி குழியாக ஓர் இரும்பு வில்லை. ஊசியின் தலையை அந்த வில்லையில் வைத்து உள்ளங்கையால் தள்ள வேண்டும். தையல்காரர் விரலில் மாட்டுகிற அங்குஸ்தான் இருக்கிறதே, அதன் வேலையை இங்கே மொத்தக் கையும் செய்கிறது. நூலை மெழுகில் இழுத்து இழுத்துப் பதமாக்குவது மட்டும் என் வேலை. கடைசியாக அவர் அந்த நாற்காலிக்குத் துணி தைத்தது 2006-ல், 74 வயதில். அதற்குப் பிறகு கண்ணில் புரை விழுந்துவிட்டது.

அந்த 2006 துணிதான் இந்த ஆடியில் கிழிந்தது. தம்பி மகன் குதித்தான். மேல் கம்பு நுழைகிற பட்டி ஒரு ஓரமாகப் பிய்ந்து, குழந்தை தரையில் உட்கார்ந்துவிட்டான். அடி ஒன்றும் இல்லை. கிழிந்த துணியைப் பார்த்துவிட்டு அவன்தான் அழுதான். யாரும் அவனைத் திட்டவில்லை. புரட்டாசியில் முதல் வருஷ திதி வருகிறது, அதற்குள் நாற்காலி திண்ணைக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா மட்டும் சொன்னார்.

ஒரு பர்னிச்சர் கடையில் கேட்டேன். ரெக்ஸின் போட்டு பஞ்சு வைத்துத் தருகிறோம், பார்க்க சோபா மாதிரி இருக்கும் என்றார்கள். ஆன்லைனில் ரெடிமேட் துணி ஒன்று வாங்கினேன். அகலம் இரண்டு அங்குலம் குறைவு, வழவழவென்று பாலியஸ்டர், அப்பா உட்கார்ந்ததும் சறுக்கிக்கொண்டே போனார். திருப்பி அனுப்பினேன். நெல்லுக்குப் படுதா வாங்கப் போன பக்கத்து வீட்டு அண்ணன்தான் இந்த மாஸ்டரைச் சொன்னார்.

முதல் நாள் பழைய துணியை மட்டும் மடித்து எடுத்துப் போனேன்.

"கம்பு எங்கம்மா?" என்றார்.

"வீட்டுல இருக்குண்ணே. அளவு எழுதிக்கிட்டு வந்திருக்கேன்."

"அளவை வச்சு நான் என்ன பண்றது? கம்பைக் கொண்டாங்க. நாற்காலியையும் கொண்டாங்க."

மறுநாள் லோடு ஆட்டோ பிடித்து நாற்காலியோடு போனேன். அந்த 500 ரூபாய் தனி. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விகளை வேறெந்தக் கடையிலும் யாரும் கேட்கவில்லை. யார் உட்காரப் போகிறார்கள், எத்தனை கிலோ, வெயில் படுமா, சாரல் அடிக்குமா, உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்ற வேண்டுமா, தூக்கி வைத்துக்கொள்வார்களா. எல்லாம் கேட்டுவிட்டுப் பழைய துணியைத் தரையில் விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைத் துணியோடு ஒட்டிக் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் தையலை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனார்.

"இது மெஷின் தையல் இல்லையே. யாரு தச்சது?"

"எங்க தாத்தா."

"என்ன தொழில்?"

"நேவி."

"அதான் பார்த்தேன்" என்று எழுந்தார்.

டின்னைத் திறந்து தோல்பட்டையைக் காட்டினேன். வாங்கி, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, மாட்டிப் பார்த்தார். அவருடைய அப்பா டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளுக்குப் படுதா தைத்தவராம். அவரிடமும் இப்படி ஒன்று இருந்ததாம், வில்லை மட்டும் பித்தளை. விரலை மடக்கி விரித்து, திரும்பப் பத்திரமாகக் கழற்றி டின்னில் வைத்து, மூடியையும் அவரே மூடினார்.

அவர் சொன்ன தொழில் விவரங்களை இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். துணி பருத்தி கேன்வாஸாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் படுதா முதுகு வேர்க்கும், சறுக்கும். புதுக் கேன்வாஸை ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காயவைத்து, சுருங்க விட்டுத்தான் வெட்டுவார். அப்படியே தைத்தால் முதல் சாரலில் நனைந்து இழுத்துக்கொள்ளும். தறியில் நீளமாக ஓடுகிற பாவு நூல் நாற்காலிக்கும் நீளவாக்கில் வர வேண்டும், மாற்றிப் போட்டால் ஆறே மாதத்தில் தொய்வு. பக்கங்களில் துணியின் கரையே வரும்படி வெட்டினால் மடித்துத் தைக்கத் தேவையில்லை, தொடையில் உறுத்தாது. நைலான் நூல் கேட்டேன், வேண்டாம் என்றார். "துணியைவிட நூலு பலமா இருந்தா, நூலே துணியை அறுத்துடும்மா." தாத்தாவும் இதையே வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார். கன்றுக்குட்டியைக் கட்டும்போது, இழுத்தால் இறுகாத முடிச்சுதான் போடச் சொல்வார். 'போலைன்' என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் எல்லா முடிச்சும் கப்பல் முடிச்சுதான்.

நாலாம் நாள் போனால் துணி ஊறப்போட்டு காய்ந்ததோடு சரி. கடை முழுக்க நெல்லுக்காரர்கள். இந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, குறுவை நன்றாக விளைந்து, அறுத்துக் கொண்டுவந்த நேரம் பார்த்து மழை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். ரோட்டில் குவித்த நெல்லை மூட ஒரு படுதா கிடைக்காதா என்று வந்து நிற்கிறவர்களிடம், என் ஈஸிசேரை முதலில் முடியுங்கள் என்று எப்படிச் சொல்வது? நானும் விவசாயி வீட்டுப் பெண்தான். திதிக்குள் தந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் போனை எடுத்து "நாளாகும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குறை எனக்கு இருக்கிறது.

அந்த நாட்களில் திண்ணையில் நாற்காலி இல்லாமல் அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. அவர் போன ஒரு வருஷமும் அது அங்கேயே, அவர் கடைசியாகத் திருப்பி வைத்த திசையிலேயே கிடந்தது. தாத்தா எப்போதும் காற்றைப் பார்த்துத்தான் உட்காருவார். ஆனி, ஆடியில் மேல்காற்றுக்கு மேற்கு பார்த்து. ஐப்பசி பிறந்தால் நாற்காலி வாடைக்குத் திரும்பிவிடும். வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போய்த்தான் முகம் பார்க்க வேண்டும்.

ஏன் தாத்தா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். விக்ராந்த் என்கிற விமானந்தாங்கிக் கப்பலின் கதை வரும். 1971-ல், பாகிஸ்தானோடு போர் நடந்தபோது, அவர் அந்தக் கப்பலில் இருந்தார். அதன் பாய்லர் ஒன்றில் விரிசல், முழு வேகம் எடுக்க முடியாது. அப்படியே வங்காள விரிகுடாவுக்குச் சண்டைக்குப் போனது. டிசம்பர் 4-ம் தேதி, இன்றைய வங்கதேசத்துக் காக்ஸ் பஜார், சிட்டகாங் மேல் அதன் விமானங்கள் குண்டு போட்டன. டெக்கிலிருந்து விமானம் எழும்ப எதிர்காற்று வேண்டும். கப்பல் வேகமாக ஓடினால் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இதற்கு அந்த வேகம் இல்லை. ஆகவே காற்று எங்கே இருக்கிறதோ அங்கே மூக்கைத் திருப்ப வேண்டும். "அன்னிக்கு எல்லாரும் காத்துக்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம் பாப்பா. அந்தப் பழக்கம் விடலை."

கஜா புயலன்று, 2018 நவம்பர் 15 ராத்திரி, அவருக்கு 86 வயது. கரண்ட் போய்விட்டது. டார்ச்சோடு வாசலுக்கு வந்து என்னை இழுத்து நிறுத்தினார். "காத்து வர்ற திக்கைப் பார்த்து நில்லு. வலது கையை நீட்டு. அந்தப் பக்கம்தான் புயலோட கண்ணு இருக்கு." காற்று வடகிழக்கிலிருந்து அறைந்துகொண்டிருந்தது. என் கை தென்கிழக்கைக் காட்டியது. அங்கேதான் வேதாரண்யம். விடிவதற்குள் அந்தப் பக்கமே கரையேறியது. மாட்டுக் கொட்டகைத் தகரத்தை அவர் சொன்னபடி நாலு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம், பறக்கவில்லை. தெருவில் பறக்காமல் நின்றது எங்கள் தகரம் ஒன்றுதான்.

எட்டாம் நாள் மாஸ்டரே போன் செய்தார். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்கம்மா. பிரிச்சதுல ஒரு சாமான் இருக்கு."

போனேன். பழைய துணியின் மேல்பட்டியைப் பிரித்து வைத்திருந்தார். கம்பு உரசுகிற இடத்தில், பட்டிக்கு உள்ளே, நாலு விரல் அகலத்துக்கு இன்னொரு துணி வைத்துத் தைத்திருக்கிறது. அது 2006 துணி இல்லை. டீ டிகாக்‌ஷன் நிறத்துக்குப் பழுத்த தடித்த கேன்வாஸ், ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்கிறது. அதன் மேல் கறுப்பு மையில் அச்சடித்த எண்கள். மூன்று முழுசாக, அதற்கு முன்னால் வெட்டுப்பட்ட ஓர் எண்ணின் பாதி.

"உரசுற இடத்துக்கு ரெண்டு மடிப்பு வேணும்னு வச்சிருக்காரு. அதுக்குப் புதுத்துணியே போதும். இதை ஏன் வச்சாருன்னு தெரியலை. அதான் உங்களைக் கேக்காம தூக்கிப் போட மனசு வரலை."

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தேன். சங்கிராம் மெடலின் விளிம்பில் அவர் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கடைசி மூன்று எண்ணும் அதேதான். அப்பாவிடம் சொன்னபோது அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது: 1974-ல் முதன்முதலில் நாற்காலிக்குப் போட்டது, கப்பலில் அவர் படுத்த அந்தத் தூளித் துணியையே வெட்டித் தைத்தது. ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் அதில் ஒரு துண்டை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து மெழுகு தடவிக்கொண்டிருந்த என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று ராத்திரி அப்பா இன்னொன்றும் சொன்னார். 1971 டிசம்பரில் தாத்தாவிடமிருந்து கடிதமே இல்லை. 9-ம் தேதி டையூ பக்கம் நம் குக்ரி கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போய்விட்டார்கள். அப்பாயிக்குக் கப்பல் பெயரெல்லாம் தெரியாது. பக்கத்து வீட்டு ரேடியோவில் நம் கப்பல் மூழ்கியது என்று காதில் விழுந்தது, அவ்வளவுதான். வலங்கைமான் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது: ஆள் உயிரோடு வந்தால் பாடைக் காவடி. 1972 பங்குனியில் தாத்தா லீவில் வந்து, மறுபேச்சில்லாமல் மூங்கில் பாடையில் கண்ணை மூடிப் படுத்தார். நாலு பேர் தூக்கிக் கோயிலைச் சுற்றினார்கள். அப்போது ஒன்பது வயதான அப்பா நிஜமென்று நினைத்துக் கதறியிருக்கிறார். தாத்தா எழுந்து வந்து அவரைத் தூக்கிக்கொண்டு சொன்னாராம்: "கப்பல்ல செத்தா கேன்வாஸ்ல சுத்தித் தச்சு, கால்மாட்டுல கனத்தைக் கட்டிக் கடல்ல விட்டுடுவாங்கடா. எனக்குப் பாடை கிடைச்சுது. எந்திரிச்சும் வந்துட்டேன் பாரு."

மறுநாள் மாஸ்டரிடம் போய், அந்தத் துண்டு உள்ளேயே இருக்கட்டும் என்றேன். அவர் யோசித்தார். "இது நைஞ்சு போச்சு, இனிமே பாரம் தாங்காது. மேலயும் கீழயும் புதுசு போட்டு நடுவுல வச்சுடறேன். பாரம் புதுசு மேல போயிடும், இது சும்மா இருக்கும்." கூடவே 2006 துணியிலும் நல்ல பாகமாக ஒரு துண்டு வெட்டிக் கீழ்ப்பட்டிக்குள் வைத்தார். அது நான் கேட்காதது. அதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை.

பத்தாம் நாள் போனபோது கம்பு நுழையவில்லை. உள்ளே மூன்று மடிப்பு போனதால் பட்டி இறுகிவிட்டது. அதைக் கணக்கு பண்ணாதது அவர் தப்புதான். அவரும் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "தப்பு என்னோடது, பிரிக்கிறேன்" என்றார். எனக்குத்தான் திதி தள்ளிப்போகாதே என்று வயிற்றைக் கலக்கியது. மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு வாசலில் டி.வி.எஸ். எக்ஸெல் சத்தம். பின்னால் கயிறு போட்டுக் கட்டிய நாற்காலியோடு மாஸ்டரே வந்திருந்தார், கும்பகோணத்திலிருந்து, தூறலில். நாற்காலி மேல் ஒரு பச்சைப் படுதா. அப்பா உட்கார்ந்து பார்க்கும்வரை நின்றார். பழைய தொய்வு அப்படியே இருந்தது, முட்டிக்கு எந்த இடத்தில் கம்பு இடிக்குமோ அதே இடம். அப்பா ஒன்றும் பேசவில்லை. மாஸ்டர் காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். குறுவை, சம்பா அறுப்பு நேரத்தில் போகாதீர்கள். பங்குனி, சித்திரையில் போனால் சொன்ன நாளில் கிடைக்கும். கம்புகளைக் கையோடு கொண்டுபோங்கள், முடிந்தால் நாற்காலியையும். பழுப்பு வெள்ளை, காக்கி இரண்டே நிறம்தான். பூப்போட்டது, கோடு போட்டது கேட்டால் கிடைக்காது. ரொக்கம்தான். புதுத்துணிக்கு ஒரு வாரம் கஞ்சி வாடை அடிக்கும். பழைய துணியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அவராகவே தந்துவிடுவார்.

திதியன்று காலையில் அப்பா நாற்காலியைத் திண்ணைக்குக் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் நின்று காற்றைப் பார்த்துவிட்டு, மேற்கே திருப்பி வைத்தார். படையல் முடியும்வரை யாரும் அதில் உட்காரவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் தம்பி மகன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அப்பாவையே பார்த்தான்.

"உக்காருடா" என்றார் அப்பா. "குதிக்காம உக்காரு."